முப்பது மைலுக்கு அப்பால்

உடற்கூடத்து வேலையாள் சாந்தே எந்த ஊர் என்று கேட்டால் வாயைத் திறக்காதே, திறந்தால் கார்னிவலுக்குள் பிணமாகிவிடுவாய் என்று இத்தாலியின் போலோன்யா நகரச் சந்தையில் ஒரு பேச்சு உண்டு. குடல் விற்கிற லுக்ரேசியாவுக்கு அவள் நாத்தனார் சொன்னது. நாத்தனாருக்கு யார் சொன்னார்களோ. சாந்தே ஊர் கேட்பது மட்டும் உண்மை. அவள் தராசுக்கு முன்னால் புது முகம் ஒன்று நின்றால் போதும், தோளைத் தொட்டு விசாரிப்பார்.

"எந்த ஊரு தம்பி?"

"மோதெனாங்க."

"இருபது சொச்சம். பொழைச்சே, போ."

ஒருவன் பெர்காமோ என்று சொல்லிவிட்டான். சாந்தே அவனை மேலும் கீழும் பார்த்து, "உடம்பப் பாத்துக்கப்பா" என்றார். "யோவ், என் வியாபாரத்தக் கெடுக்காதய்யா!" என்று லுக்ரேசியா கத்தியை ஓங்கினாள்.

விஷயம் இதுதான். வருஷா வருஷம் கார்னிவல் திருவிழா நாட்களில், மருத்துவம் கற்பிக்கிற உடற்கூடத்தில் ஒரு பிணத்தை அறுத்துக் காட்டுவார்கள். அது நகரத்தாருடையதாக இருக்கக் கூடாது. முப்பது மைலுக்கு அப்பால் பிறந்தவனுடையதாக இருக்கவேண்டும் என்பது பழைய சட்டம். தூக்கில் தொங்கியவன் கிடைத்தால் அவன். கிடைக்காத வருஷம், ஆஸ்பத்திரியில் சாகிற அந்நியன். நாற்பது வருஷம் இந்த நகரத்தில் மூட்டை சுமந்திருந்தாலும் பிறந்த ஊர்தான் கணக்கு. பிணத்தைக் கழுவி மேசையில் ஏற்றுவதும், பத்தாம் நாள் மிச்சத்தைக் கூட்டி அள்ளுவதும் இருபத்திரண்டு வருஷமாகச் சாந்தேயின் வேலை. ஆத்மாவுக்குப் பூசை வைப்பார்கள், குறைவில்லை. ஆனால் சவப்பெட்டிக்குள் எதை எங்கே சேர்ப்பது என்று அள்ளுகிற அவருக்கே தெரியாது.

கழுவுகிற தண்ணீரைக் காய்ச்சித்தான் ஊற்றுவார். "சில்லுன்னு ஊத்துனா யாருக்குத்தான் புடிக்கும்?" முகமூடி போட்ட சீமாட்டிகள் ஆரஞ்சுப் பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்காரும்போது, அவர் பிணத்தின் காதருகே குனிந்து, "கூட்டம் ஜாஸ்தி. கண்டுக்காத" என்பார். பிணம் துடைக்கிற காடியின் நெடி கைகளைவிட்டுப் போகவே போகாது. அதனால் கஷ்கொட்டை மாவுக் களியைக் கூடக் கரண்டியால்தான் தின்பார். மலைக்காரர்களின் சாப்பாடு அது. அதனால் 'களி' என்றே கூப்பிட்டு மாணவர்கள் கேலி செய்வார்கள்.

பழைய வாத்தியார் காலத்தில் ஒரு சம்பவம். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, ரத்தம் அவற்றின் வழியாகக் கசிகிறது என்று அவர் உயர்ந்த நாற்காலியிலிருந்து புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். கீழே இதயத்தை ஏந்தி நின்ற சாந்தே, அதன் ஒரு பக்க அறைக்குள் தண்ணீரை ஊற்றி, அறையின் வாயைப் பொத்தி அமுக்கினார். "அய்யா, மறுபக்கம் ஒரு சொட்டு வரலீங்களே." வாத்தியார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "புத்தகத்துல தப்பில்ல. மேசையில கெடக்கறவன் மலையில பொறந்தவன், அவன் இருதயந்தான் கோளாறு." கூடம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து யாராவது எழுத்தில் இருக்கிறது என்றால் சாந்தே கேட்பது ஒன்றே: "ஊத்திப் பாத்தியா?"

அந்தக் கேள்விதான் அவரைப் போன கோடையில் மலைப்பாதைக்கு இழுத்துக்கொண்டு போனது. அவருடைய ஊர் ரியோஸ்கூரோ. இருபத்தேழு மைல் என்று அந்த ஊர்க் கோயில் பதிவேடு சொல்கிறது. முப்பத்தைந்து என்று கோவேறு கழுதைக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். அவரும் சிநேகிதன் தித்தாவும் பதினெட்டு வயதில் கரி மூட்டையோடு சேர்ந்தே இறங்கியவர்கள். இரண்டு பேருக்கும் அந்த ஊர்தான். தித்தாவின் மனைவி நகரவாசல் கோயிலில் புதைந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் முழுசாகப் போய்ப் படுக்கவேண்டும், அவனுக்கு வேறு ஆசை கிடையாது. "நம்ம ஊரு உள்ள வருதாடா, வெளிய வருதா?" என்று அவன் நச்சரிக்க நச்சரிக்க, சாந்தே ஒரு பை பயறோடு கிளம்பினார். ஆயிரம் இரட்டைக் காலடி ஒரு மைல்; மைலுக்கு ஒரு பயறு இடது பையிலிருந்து வலது பைக்கு. ஊர் மணிக்கூண்டின் கீழ் உட்கார்ந்து எண்ணினார். முப்பது தாண்டியிருந்தது. நம்பாமல் திரும்பி நடந்தும் அளந்தார். அதே பயறு, அதே மிச்சம்.

தித்தாவிடம் சொல்லவில்லை. மதுக்கடையில் மட்டும் ஒரு தடவை உளறிவிட்டார்.

இந்த வருஷம் தூக்கு எதுவும் விழவில்லை. தித்தா நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். கார்னிவலுக்கு நாலு நாள் இருக்கையில், புதிய வாத்தியார் காஸ்தெல்லேரி நாலைந்து மாணவர்களோடு கூடத்துக்கு வந்தார். சாந்தே மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தித்தாங்கறவன் உன் ஊராமே?"

"ஆமாங்கய்யா. இருபத்தேழு மைலுங்க. பதிவேட்டுல எழுதியிருக்கு."

மாணவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். "எழுதியிருக்கா? ஏம்ப்பா களி, நீ ஊத்திப் பாக்கலியா?"

காஸ்தெல்லேரி சிரிக்கவில்லை. ஒரு முக்காலியைக் காலால் இழுத்து, "உக்காரு சாந்தே" என்றார். அந்தக் கூடத்தில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. "நீ ரெண்டு தடவை நடந்து அளந்தேன்னு கேள்விப்பட்டேன். இந்த ஊர்ல எவனும் செய்யாத வேலை. பதிவேடு எனக்கு வேண்டாம். நீ கண்டதச் சொல்லு, உன் பேரப் போட்டே எழுதிக்கறேன்."

காகிதம் விரிந்தது. இறகு மைக்குள் இறங்கி ஏறியது. மாணவர்களின் சிரிப்பு அடங்கி, எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். சாந்தே முக்காலியின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முப்பத்தொண்ணு" என்றார். இறகு ஓடத் தொடங்கியதும் கையை நீட்டித் தடுத்தார். "இல்லீங்க. முப்பத்தொண்ணேகால்."

அவர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் காகிதத்தில் ஏறியது. அந்தக் கால் மைலோடு, தித்தாவுக்கு மட்டுமல்ல, தனக்கும் ஊர் முப்பதுக்கு அப்பால் என்று எழுதப்பட்டுவிட்டது என்பது, மணல் தூவி மையை உலர்த்தும்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனார். தித்தா தலையணையில் சாய்ந்தபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"வாத்தியார் வந்து உன்னய... கேட்டாராமே. எவ்ளோன்னு சொன்ன?"

"இருபத்தேழு."

"பதிவேட்டுல... இருக்கறதா?"

"அதேதான்."

"அப்பாடா." தித்தா கண்ணை மூடினான். "அவ பக்கத்துல... எடம் இருக்குல்ல?"

"இருக்குடா. பேசாம தூங்கு."

சாந்தே அவன் மார்பில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொடுத்தார். இழுத்த மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. தடவிய விரல்கள் தாமாகவே விலாப்பக்கம் நகர்ந்து, மேசையில் பிணத்துக்குச் செய்வதுபோல, மேல் விலா எலும்பிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாய் அழுத்தி இறங்கின. நாலாவதில் அவர் அதைக் கவனித்தார். கையை வெடுக்கென்று இழுத்துத் தன் அக்குளுக்குள் இறுகச் செருகிக்கொண்டு, மற்றக் கையால் போர்வையை அவன் கழுத்துவரை ஏற்றிவிட்டார்.