அக்காவின் இரண்டு படங்கள்

வேலணையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எவரும் அக்காவிடம் சுகம் விசாரித்ததில்லை. படலையைத் திறக்கும்போதே அவளுடைய முகத்தைத்தான் விசாரிப்பார்கள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு கன்னத்திலும் பருக்கள். ஒன்று அடங்கினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். அடங்கியதும் சும்மா போகாமல் கறுப்பாக ஓர் அடையாளத்தை வைத்துவிட்டுப் போகும். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம் அது. பிரான்சிலிருந்த மாமா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, அவருடைய படத்தையும் அனுப்பிவைத்துவிட்டு, அக்காவின் படத்தை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

அம்மாவின் முதல் சந்தேகம் கிணற்றில் விழுந்தது. தீவுக் கிணறு, உவர்த் தண்ணீர். ஆகவே அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் நல்லதண்ணீர் குடிப்பதற்கும் அக்காவின் முகம் கழுவுவதற்கும் மட்டும் என்று சட்டம் வந்தது. உப்புத்தண்ணீரிலேயே முகம் கழுவிய எனக்கு ஒரு பருகூட இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்தது தேசிக்காய் என்கிற எலுமிச்சை. புளி கறுப்பை எடுக்கும் என்று அம்மா காலையில் பிழிந்து பூசிவிட்டார். பனங்கிழங்குக் காலம், பூசிய முகத்தோடு அக்கா முற்றத்தில் குந்தியிருந்து, கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப்போட்டாள். ஒடியல் வெள்ளையாகக் காய்ந்தது. அக்காவின் முகம் எரிந்து திட்டுத்திட்டாகக் கறுத்தது.

யாழ்ப்பாணத்துத் தோல் டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தேசிக்காயைப் பூசி வெயிலுக்கை விட்டது ஆர்?"

அம்மா மின்விசிறியைப் பார்த்தார். இரவில் பூசக் களிம்பு, வெயில் ஆகாது, நகம் படவே கூடாது, மாறுவதற்குப் பல மாதம் எடுக்கும் என்றார் டொக்டர்.

"அவ்வளவு காலம் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருக்க மாட்டார், டொக்டர்" என்றார் அம்மா, தாமதத்துக்கு டொக்டர்தான் காரணம் என்பதுபோல.

அன்றைக்கே ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனோம். அங்கிருந்தவர் கொம்பியூட்டரில் பருக்களையும் கறுப்பையும் துடைத்தார். துடைத்த வேகத்தில் நாடியிலிருந்த மச்சத்தையும் துடைத்துவிட்டார். அம்மாவுக்குப் பரம திருப்தி. அக்கா படத்தைக் கையில் வாங்கி, "இது ஆர்?" என்று கேட்டாள். புறப்படும்போது, துடைக்காத படத்திலும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பாரிசுக்குத் திரும்பவிருந்த அயலவரிடம் கொடுப்பதற்காக அம்மா படத்தை உறையில் போட்டு மேசையில் வைத்திருந்தார். அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் அக்கா ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு உறையிலிருந்த படத்தை வெளியே எடுத்து, துடைக்காத படத்தை வைத்து ஒட்டினாள்.

"அக்கா, படம் மாறிப்போச்சு" என்றேன்.

"மாறேல்லை. நீ பேசாமல் இரு."

அம்மாவிடம் சொன்னால் அக்காவுக்குத் திட்டு விழும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை கைநழுவிப் போய்விடுவார். அக்கா மேலிருந்த ஆசையில் வாயை மூடிக்கொண்டேன்.

சில வாரங்களின் பின், மாமா சொல்லியனுப்பியபடி சந்தியிலிருந்த தொலைபேசிக் கடையில் போய் நின்றோம். மாமாவோடு கதைத்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று எங்கள் பக்கம் திரும்பினார். அக்காவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை உன்னோடை கதைக்க வேணுமாம்" என்று ரிசீவரை நீட்டினார். நான் அக்காவோடு ஒட்டி நின்றேன். அவருடைய குரல் எனக்கும் கேட்டது.

"உம்மடை படம் கிடைச்சது. முகத்துக்கு என்ன மருந்து பூசுறனீர்? எனக்கும் உதே கரைச்சல்தான். நான் அனுப்பின படம் ஸ்ரூடியோக்காரன்ரை கைவேலை. அதைச் சொல்லிப்போட்டுத்தான் உம்மடை சம்மதத்தைக் கேக்க வேணும் எண்டு நினைச்சனான்."

"தேசிக்காய் மட்டும் பூசிப்போடாதேங்கோ" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழத் தொடங்கினாள்.

மாப்பிள்ளை நையாண்டி பண்ணிவிட்டார், கலியாணம் குழம்பிவிட்டது என்றே நான் முடிவுகட்டினேன். வீடு வரும்வரை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்த முகத்தை உள்ளபடி பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் அவளிடமே சம்மதம் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?