கியர் விழாத மோட்டார்களும் அவற்றைத் தூக்கி வந்தவர்களும்

போட் மோட்டார் ரிப்பேர் கடைக்குச் சிரித்த முகத்தோடு வந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பழவேற்காட்டில் கடை வைத்திருக்கிறேன். படகின் பின்னால் மாட்டும் மோட்டார்கள்தான் தொழில். என்னிடம் வருவதெல்லாம் இரண்டு மூன்று கை மாறியவை. முன் கியர் போட்டால் நழுவும், நியூட்ரலில் நிற்காது, ரிவர்ஸ் விழவே விழாது. பழைய மோட்டாரோடு காலம் தள்ளும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ரிவர்ஸ் பல்

கோட்டைக்குப்பம் கன்னியப்பன் மோட்டாரில் ரிவர்ஸ் மட்டும் விழவில்லை. லீவரைத் தள்ளினால் கரகரவென்று சத்தம் வரும், புரொப்பெல்லர் சுற்றாது. லீவரிலிருந்து கீழே போகும் கம்பியெல்லாம் சரியாக இருந்தது. கீழே கியர் பெட்டியைப் பிரித்தால் முன் கியர் பல் நன்றாக இருக்க, ரிவர்ஸ் பல் மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருந்தது. எப்போதாவது போடுகிற கியர், அது முதலில் தேய்வது அதிசயம். "இன்னாண்ணா, பின்னாடியே ஓட்டிக்கினு போனியா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கடல் தண்ணீர் உள்ளே வரும் முகத்துவாரம் மண் மூடிய பிறகு, வற்றிப்போன ஏரியில் எங்கே போனாலும் படகு சேற்றில் தட்டுகிறதாம். தட்டும்போதெல்லாம் ரிவர்ஸ் போட்டு உருவி எடுக்க வேண்டியிருக்கிறதாம். புதுப் பல் போட்டு, தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டிக் காட்டினேன். புரொப்பெல்லர் பின்பக்கம் அழகாகச் சுற்றியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "கியர போட்டுட்ட. ஏரிக்குத் தண்ணிய யாருப்பா போடுவா?"

கியர் விழுந்தது, படகு நகரவில்லை

ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் கிராமத்திலிருந்து முனுசாமி வந்தார். கியர் விழுகிறது, இஞ்சின் அலறுகிறது, படகு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றார். வேறொருவர் கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று மூடிக் கொடுத்திருந்தார்.

இப்படி வந்தால் நான் கியரைத் தொடுவதற்கு முன் புரொப்பெல்லரைத்தான் பார்ப்பேன். அதன் நடுவே ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அது விட்டுப்போனால் உள்ளே தண்டு மட்டும் சுற்றும், இறக்கை சுற்றாது. நடுவிலிருந்து இறக்கை வரைக்கும் சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்து, டிரம்மில் ஓடவிட்டு நிறுத்தினேன். கோடு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நின்றது. "பாருண்ணா, கியர் மேல ஒரு தப்பும் இல்ல. சின்ன ரப்பரு" என்றேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவர் அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். மனைவிக்கு இடுப்புவலி வந்தபோதுதான் மோட்டார் இப்படிச் செய்திருக்கிறது. எதிர்க்காற்றில் கழி போட்டுத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறார். மனைவி பிழைத்துக்கொண்டாள். குழந்தை படகிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. வேறு புரொப்பெல்லர் மாட்டிக் கொடுத்தேன். படகில் பூட்டி ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். "நல்லா ஓடுதுபா. இப்ப அவசரமா போறதுக்குத்தான் எடம் இல்ல."

கேட்காத சத்தம்

சுண்ணாம்புக்குளம் நாகய்யா அடிக்கடி வருவார். கியர் போடும்போது 'கடக் கடக்' என்கிறது என்பார். போட்டுப் பார்ப்பேன், ஒரு சத்தமும் இருக்காது. கியர் ஆயிலை வடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் பாலூற்றிய டீ போல வரும், இது சுத்தமாக வந்தது. அவரிடமும் அப்படியே சொன்னேன். கொஞ்ச நாளில் மறுபடி வந்து நின்றார். பேச்சுவாக்கில், கூட மீன்பிடிக்க வந்துகொண்டிருந்த மகன் காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டதாகவும், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருப்பதாகவும் சொன்னார்.

அன்று நான் மோட்டாரைத் தொடவில்லை. டீ சொல்லிவிட்டு, "சத்தம் நெசமா வருதா நைனா?" என்று கேட்டேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "படகுல நான் ஒர்த்தன்தான் கீறேன். மோட்டாரு சத்தத்த உட்டா வேற இன்னாத்த கேக்கறது?"

முன் கியரில் நின்றது

தேசம்மாவும் அவள் கொழுந்தனும் ஷேர் ஆட்டோவில் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் கணவர் ஏழுமலை படகிலேயே மாரடைப்பில் போனவர். அவர் சாய்ந்த பிறகும் படகு ஓடிக்கொண்டே இருந்து, சேற்றுத்திட்டில் ஏறி நின்றிருக்கிறது. மோட்டாரைக் கழற்றி வீட்டில் வைத்தவர்கள் அப்புறம் அதைத் தொடவில்லை. இப்போது கொழுந்தன் தொழிலுக்கு எடுக்கப்போகிறான். ஆனால் ஸ்டார்ட் பண்ணும் கயிறு வரமாட்டேன் என்கிறது.

லீவர் ஏழுமலை கடைசியாகப் போட்ட முன் கியரிலேயே இருந்தது. இந்த மாடலில் கியர் விழுந்திருந்தால் கயிறு வராது, அப்படி ஒரு பூட்டு. கொழுந்தன் சுத்தியலைத் தேடினான். நான் தடுத்தேன். மேலே லீவரையும் கீழே கியரையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். கீழே சுலபமாக அசைந்தது. மேலே லீவரின் புஷ்ஷில்தான் உப்புப் பூத்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, லேசாகச் சூடுகாட்டி, ஊறவைத்தேன். லீவர் கொஞ்சம் இளகியது. கம்பியை மறுபடி மாட்டிவிட்டு நியூட்ரலுக்குத் தள்ளக் கை வைத்தேன்.

"அண்ணா, இரு" என்றாள் தேசம்மா. "அத நான் எடுக்கட்டா?"

லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். புரொப்பெல்லரைக் கையால் அசைத்துக் கொடுத்தால் பல் சுலபமாகப் பிரியும். நான் கீழே உட்கார்ந்து மெல்ல அசைத்தேன். அவள் லீவரின் மேல் கை வைத்துத் தள்ளினாள். 'டக்' என்று நியூட்ரலில் விழுந்தது. கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அழவில்லை. லீவரை முந்தானையால் துடைத்தபடி, மோட்டாரைப் பார்த்தே சொன்னாள்: "இத்தினி நாளா ஓட்டிக்கினே கீறாரு. போதும், நிக்கட்டும்."

இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம், மோட்டாரைப் பிரிப்பதற்கு முன் கொண்டுவந்தவருக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட வேண்டும் என்பதுதான், ஏனென்றால் மனிதர், மோட்டார் இரண்டில் மோட்டாரைச் சரிசெய்ய மட்டும்தான் ஸ்பேர் கிடைக்கிறது.