பௌர்ணமி ரவுண்டு

கூட்டம் தொடங்குவதற்கு முன் சாம்பவி தண்ணீர் பாட்டில்களின் மூடிகளை இளக்கி வைப்பாள். இடது கையால் கழுத்தைப் பிடித்து, வலது கையால் அரைத் திருகு. வளையம் டக்கென்று விட்டதும் நிறுத்திவிடுவாள், முழுக்கத் திறக்கமாட்டாள். மூடி வராமல் யாராவது பல்லைக் கடித்தால் அந்தக் கடுப்பு பேச்சிலும் இறங்கிவிடும் என்பது அவள் எண்ணம்.

"எவனோ குடிச்சிட்டு வச்ச தண்ணி மாதிரி இருக்குது மேடம்" என்று பாட்டிலைத் தள்ளி வைப்பார் சுரேஷ்குமார்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் முதலாளி உமாமகேஸ்வரனுக்கு இருந்த லாட்ஜுகளுக்கு அவர்தான் மேனேஜர். எதிர் நாற்காலியில் சாகில். வேங்கிக்காலில் ஒரு மாடியறையில் நாலைந்து பேரோடு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ரூம் புக்கிங்கை ஆன்லைனுக்கு மாற்றும் வேலை. லாட்ஜுக்கு என்ன வேண்டும் என்று இவனுக்கும், கம்ப்யூட்டரால் என்ன முடியும் என்று அவருக்கும் புரியவைக்க முதலாளி வைத்த ஆள் சாம்பவி. சென்னையில் இதே வேலை பார்த்தவள். அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊர் திரும்பினாள். இந்த வேலைக்கு இந்த ஊரில் வேறு நாற்காலி கிடையாது. பௌர்ணமியன்று சிஸ்டம் ஒழுங்காக ஓடாவிட்டால் இதுவும் கிடையாது என்று முதலாளி சொல்லியிருந்தார்.

சுரேஷ்குமாரிடம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையெழுத்துக் கேட்டாள். சாகில் முடித்துக் கொடுத்ததைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவளை வெறுக்க இருவருக்கும் அது போதுமாயிருந்தது. தங்களுக்குள்ளும் அவர்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க, லாட்ஜ்ல ஒரு நாள் படுத்துப் பாத்துட்டு எழுதச் சொல்லி."

"சார்கிட்ட சொல்லுங்க மேடம், வாய்ஸ் மெசேஜ்ல திட்டுறது கம்மியாவட்டும், வேல ஜாஸ்தியாவும்னு."

இரண்டு பேரும் எட்டித் தொடும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

"வேற ஏதாச்சும் விட்டுப்போச்சா?" என்று ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் கேட்பாள்.

"அவ்ளோதான்" என்பார் அவர்.

"அவ்ளோதான்" என்பான் இவன்.

பௌர்ணமி சாயங்காலம் ஒரே அறைச் சாவிக்கு இரண்டு குடும்பங்கள் கவுன்டரில் கத்திக்கொண்டு நின்றன. பிறகு அடுத்த அறைக்கும். பௌர்ணமிக்கு மட்டும் அந்த லாட்ஜுகளில் ரூம் நாள் கணக்கில் போவதில்லை, ரவுண்டு கணக்கு. கிரிவலம் சுற்றி வருகிறவர்கள் குளித்து, காலை நீட்டி, சில மணி நேரத்தில் கிளம்பினால் கையோடு அடுத்த குடும்பம். சிஸ்டத்துக்கு அது தெரியாது. முதல் குடும்பம் கிளம்பியதும் அது அந்த ரூமை ஆன்லைனில் விற்றது. அதே ரூமைக் கவுன்டரில் காத்திருந்த குடும்பத்துக்குச் சுரேஷ்குமார் வழக்கம்போல், சிஸ்டத்தில் ஏற்றாமலே விற்றார். ரூம் கிடைக்காத ஒருவர், சமாதானம் சொல்ல வந்த சாம்பவி மேல் செருப்பை எறிந்தார்.

"இத ஏன் சார் சொல்லல?"

"நீங்க கேக்கல. திருவண்ணாமலையில பொறந்துட்டு பௌர்ணமி தெரியலனா நான் என்ன பண்ண?"

அவள் சாகிலைப் பார்த்தாள்.

"எழுதிக் குடுத்தததான் மேடம் செஞ்சேன்" என்றான், போனிலிருந்து தலை தூக்காமல்.

முதலாளி அதிகம் பேசவில்லை. "ரெண்டு பேரையும் ஒண்ணு சேக்கத்தான் உன்ன வச்சேன். நாளைலருந்து வராதம்மா."

அடுத்த பௌர்ணமியிலிருந்து சிஸ்டம் சண்டையில்லாமல் ஓடுவதாகக் கேள்விப்பட்டாள். தன் தவறிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்றே நினைத்திருந்தாள்.

மாதங்கள் கழித்து, லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்த திரௌபதி வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அந்தப் பௌர்ணமிக்கு முன்னாலேயே சாகில் தனியாக லாட்ஜுக்கு வந்தானாம். சுரேஷ்குமார் டீ வரவழைத்து ரவுண்டு கணக்கை அவனுக்கு விளக்கினாராம். "மேடம்கிட்ட சொல்லிடவா சார்?" என்று இவன் கேட்க, "அந்தம்மா மொதல்ல போவட்டும்" என்றாராம். சாகில் இரண்டே நாளில் அதை எழுதி முடித்து, பௌர்ணமி முடிகிற வரை நிறுத்தி வைத்திருந்தான்.