மெதுவாகப் போகத் தெரியாத வண்டி

சனிக்கிழமை மதியமானால் எங்கள் வீட்டு மாட்டுச்சாளையில் ஒரு பைக் துணி களைய ஆரம்பித்துவிடும். ஹெட்லைட், மட்கார்டு, நம்பர் பலகை, ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி அண்ணன் சாக்கின் மேல் வரிசையாக வைப்பார். கடைசியாகக் கழற்றுவது சாரி கார்டை. பின்னால் உட்காரும் பெண்ணின் சேலை சக்கரத்தில் மாட்டாமலிருக்க வைத்த கம்பி அடைப்பு அது. அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிற பெண் நான் ஒருத்திதான். அதனால் அதைக் கழற்றும்போது மட்டும் என்னைப் பார்த்து, "நாளைக்குப் பொழுதோட மாட்டிப்போடறேன் அம்மணி" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை அது ரேஸ் வண்டி. மற்ற ஆறு நாளும் அண்ணனை ஒர்க்‌ஷாப்புக்கும் என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் சுமக்கிற வண்டி. தொண்ணூறுகளில் துடியலூர்ப் பக்கம் இப்படி இரண்டு பிழைப்புப் பிழைத்த வண்டிகள் ஏராளம். பம்பு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறவர்கள், பவுண்டரிக்குப் போகிறவர்கள், மளிகைக்கடையில் பொட்டலம் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஞாயிறானால் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு மண் டிராக்குக்குக் கிளம்பிவிடுவார்கள். அவரவர் வண்டியை அவரவரே பிரித்து அவரவரே பூட்டுவார்கள். மெக்கானிக்கிடம் விட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் துக்கம் விசாரிப்பது மாதிரி பார்ப்பார்கள்.

எனக்கும் சாளையில் ஒரு வேலை இருந்தது. இஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற ஸ்பார்க் பிளக்கைத் துடைப்பது. முக்காலியில் உட்கார்ந்து, உப்புத்தாளால் கரியைத் தேய்த்து, பெட்ரோலில் அலசி, இடைவெளி சரியாக இருக்கிறதா என்று ஆக்ஸா பிளேடை நுழைத்துப் பார்ப்பேன். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் இஞ்சின் சுகம். கரிக்கட்டையாக ஈரத்தோடு இருந்தால் ஏதோ கோளாறு. ரேசுக்குப் போடுகிற பிளக் வேறு. முழு வேகத்தின் சூட்டைத் தாங்கும், ஆனால் மெதுவாகப் போனால் அதற்குச் சூடு போதாது. எண்ணெய்க் கரி படிந்து கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். அதனால் ரேஸ் முடிந்த அன்றைக்கே அதைக் கழற்றிவிட்டுச் சாதா பிளக்கை மாட்டிவிட வேண்டும். அந்தச் சாதா பிளக்குக்கு 'வீட்டுப் பிளக்' என்று பெயர் வைத்தது நான்தான்.

என் வலது கால் மூன்று வயதில் வந்த போலியோவில் சூம்பிப்போனது. ஊன்றுகோல் வைத்து நடப்பேன். 'அய்யோ பாவம்' என்கிற முகத்தோடு இதைப் படிக்கிறவர்கள் அந்த முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேலே படிக்கலாம். காலோடு எனக்குச் சண்டை கிடையாது. எங்கே போவதென்றாலும் யாராவது கொண்டுபோய் விட வேண்டும் என்பதுதான் ஆகவே ஆகாது. ஒன்றாம் வகுப்புக்கு அண்ணனின் சைக்கிள் கேரியரில் போனேன். இருபத்தாறு வயதில், டீச்சர் வேலைக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தே போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது தனியாக, யாரும் கொண்டுபோய் விடாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது.

அந்த வருஷம் முழுப்பரீட்சை முடிந்த கையோடு எனக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் வடக்கே போய், அங்கிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டர். பள்ளிக்கூட நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. அண்ணனின் ஒர்க்‌ஷாப் நேர் எதிர்த்திசையில், தெற்கே. ஆர்டரைப் படித்துவிட்டு அவர் சாதாரணமாக, "ஷிப்ட்ட மாத்திக் கேட்டுக்கறேன் உடு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "என்ற ஒரு காலுக்கு நீங்க எத்தன நாளைக்குங்ண்ணா நொண்டுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. அம்மா இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

நான்காம் நாள் தாராபுரத்திலிருந்து வந்த வெங்காய லாரியில் ஒரு ஸ்கூட்டர் வந்து இறங்கியது. மாமா வீட்டில் பல வருஷமாகக் கோழி அடைந்துகொண்டிருந்த ஸ்கூட்டர். அண்ணன் கேட்டதும் மாமா சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். கோழி எச்சத்தைச் சுரண்டவே ஒரு முழு நாள் ஆனது.

அண்ணனும் அவருடைய கூட்டாளியும் வேலையை ஆரம்பித்தார்கள். கூட்டாளி அதே ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறவர், ஞாயிறானால் அண்ணனோடு ரேசுக்குப் போகிறவர். இஞ்சினைப் பிரித்ததும் இரண்டு பேருக்கும் கை அரித்திருக்கிறது. என்னென்னவோ செதுக்கி, என்னென்னவோ மாற்றி, ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். "ஏனுங்க அம்மணி, இப்ப இது அசால்ட்டா எழுவது போகுமுங்க" என்றார் கூட்டாளி, ஜாதகம் பொருந்திவிட்டது என்கிற மாதிரி. "எனக்கு முப்பது போனாப் போதுமுங்க. நிக்குமா, அதச் சொல்லுங்க" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரேக்கைப் பற்றி இன்னும் யோசிக்கவே இல்லை.

பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்துக் கட்டியதும் வெள்ளோட்டம். அண்ணன் ஓட்டினார். வளைவில் ரேஸ் பழக்கத்தில் உடம்பைச் சாய்த்தார். வண்டி சாயவில்லை. பக்கத்துச் சக்கரம் இருக்கும்போது அது எப்படிச் சாயும்? கைப்பிடியைத் திருப்ப வேண்டும் என்று அவர் மூளைக்கு எட்டுவதற்குள் வண்டி நேராகப் போய்ச் சோளத்தட்டுப் போருக்குள் புகுந்துகொண்டது. கூட்டாளி, "நீ எறங்கப்பா, நான் காட்டறேன்" என்று ஏறினார். அதே வளைவு, அதே போர். அம்மா அவர்கள் தலையில் ஒட்டியிருந்த சோளத்தட்டை உதறிவிட்டபடியே, "மாடு திங்கறதுக்கு எதாச்சும் மிச்சம் வைங்கப்பா" என்றார். நான் சிரித்த சிரிப்பில் முக்காலியிலிருந்து விழப்பார்த்தேன். மூன்றாவதாக நான் ஏறினேன். எனக்கு மறப்பதற்குப் பழைய பழக்கம் எதுவும் கிடையாது. திருப்பினேன், வண்டி திரும்பியது.

கிளப்புவதும் பெரிய தொல்லையாக இல்லை. கிக்கரின் மேல் ஒரு நீளமான பைப்பைப் பற்றவைத்து, உட்கார்ந்தபடியே கையால் அமுக்கிக் கிளப்புகிற மாதிரி செய்துவிட்டார்கள். பிரேக்கில்தான் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஸ்கூட்டரில் பின் பிரேக்கை வலது காலால் மிதிக்க வேண்டும். என் வலது காலால் ஒரு தக்காளியைக்கூட நசுக்க முடியாது. கேபிளை இழுத்துக் கைக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் சேர்த்துப் பிடிப்பதற்குள் என் விரல் வெளுத்துப்போனது. மூன்று வாரம் அதனோடே மல்லுக்கட்டினார்கள்.

ஒருநாள் மத்தியானம் நான் சாளைக்குப் போனபோது அண்ணன் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். வலது காலைத் துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனமாகச் சிரித்தார். "உனக்கு எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு..." என்று இழுத்தார். அவிழ்த்துத் தொலையுங்கள் என்று கத்தத்தான் வாய் வந்தது. எனக்காக யாரும் அதுவரை காலைக் கட்டிக்கொண்டதில்லை. கத்தாமல் முக்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அப்படியே ஓட்டிக் காட்டினார். சாளையைச் சுற்றி இரண்டு சுற்று. கியர் எல்லாம் கையில்தான், இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது கால் தன் பாட்டுக்கு எதையோ மிதித்துக்கொண்டிருந்தது. பைக்கில் இடது கால் கியருக்கு. பதினைந்து வருஷப் பழக்கம். ஸ்கூட்டரில் இல்லாத கியரை அந்தக் கால் மாற்றிக்கொண்டே இருந்தது.

"ண்ணா, அந்தக் கால் சும்மாதானே இருக்குது. அதுக்கு ஒரு வேல குடுங்களேன்" என்றேன்.

"எந்தக் காலு?"

"எடது காலு. எனக்கு அது நல்லாத்தானுங்ண்ணா இருக்குது."

வண்டி நின்றது. கூட்டாளி கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். மூன்று வாரமும் வராத காலைப் பற்றியே பேசியவர்கள், நல்ல காலை ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. பைக் ஓட்டுகிறவர்கள் கணக்கில் இடது கால் கியருக்கு எழுதிக்கொடுத்த சொத்து. பிரேக் மிதியிலிருந்து இடது பக்கம் வரை குறுக்கே ஒரு கம்பியைப் பற்றவைத்து, நுனியில் ஒரு மிதி வைத்தார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது. மிதித்தேன், நின்றது.

மிச்ச லீவு முழுக்கத் தோட்டத்து வண்டித்தடத்தில் ஓட்டினேன். லைசென்சும் வாங்கியாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை, பைக்கை ரேசுக்குக் கழற்றிப் போட்ட பிறகு, அண்ணன் என் பிரேக் கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். பற்றவைத்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

ஞாயிறு மதியமே அவர் ரேசிலிருந்து வந்துவிட்டார். மதியத்துக்கு மேல் இன்னொரு ரேஸ் இருந்தது எனக்குத் தெரியும். "வண்டி சரியில்ல அம்மணி" என்றார். முதல் ரேசில் ஜெயித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று பிறகு கூட்டாளி வாய் தவறிச் சொன்னார். பொழுது சாய்கிற வரைக்கும் இருவரும் என் கம்பியைக் கழற்றி, கீறலை அரத்தால் சுரண்டி, மறுபடி பற்றவைத்து, மேலே ஏறி நின்று மிதித்துப் பார்த்தார்கள். பைக் அப்படியே மூலையில் நின்றது. மட்கார்டு இல்லை, சாரி கார்டு இல்லை, முன்னால் ரேஸ் நம்பர் எழுதிய தகடு. அதைத் திரும்பிப் பார்க்க அண்ணனுக்கு நேரமில்லை.

எல்லாம் முடிந்ததும் ஒரு வீட்டுப் பிளக்கையும் பிளக் ஸ்பேனரையும் துணியில் சுற்றி என் ஸ்கூட்டரின் பெட்டிக்குள் வைத்தார். பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் அதே பிளக்தான்.

"நாளைக்கு நீங்க பின்னால வரப்படாது" என்றேன்.

"வருல அம்மணி. நான் பஸ்ஸுல வேலைக்குப் போயிர்றேன்."

"சத்தியம் பண்ணுங்க."

பக்கத்தில் நின்ற மாட்டின் முதுகில் கையை வைத்து, "இதும்மேல சத்தியமா வருல" என்றார். மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அம்மா வாசலில் நின்று, "பாத்துப் போ கண்ணு. ரோட்டுல உழுந்துபோட்டா ஆரு பாக்கறது?" என்று ஏழாவது தடவையாகக் கேட்டார். ஊன்றுகோலைப் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டு, பைப்பை அமுக்கினேன். இரண்டாவது அமுக்கில் கிளம்பியது. அண்ணன் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

மெயின் ரோட்டில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்து, பள்ளிக்கூடத்து ஊருக்குப் பிரியும் ரோட்டில் திரும்பினேன். பயமாக இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. செங்கல் சூளையைத் தாண்டும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நூறு வண்டிக்கு நடுவிலும் எனக்கு அது தெரியும். அன்று சூளையில் கல் சுமந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். ரேஸ் சைலன்சர். ஊரிலேயே அதிகச் சத்தம் போடுகிற வண்டியை எடுத்துக்கொண்டு ஒளிந்து ஒளிந்து பின்னால் வருகிறார் எங்கள் அண்ணன். கண்ணாடியில் ரேஸ் நம்பர் தகடு தெரிந்தது. கூடவே சவரம் செய்யாத முகம்.

எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. நின்று சண்டை போடலாமா என்று யோசித்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, அந்தப் பிளக்கை யாரும் மாற்றவில்லை. பிளக் என் வேலை. நான் மாற்றவில்லை என்றால் அது ரேஸ் பிளக்தான்.

வேகத்தைக் குறைத்தேன். இருபது. பிறகு பதினைந்து. சைக்கிளில் பால் கொண்டுபோனவர் என்னைத் தாண்டிப் போனார். பின்னால் அண்ணனும் குறைத்தார். பத்து வருஷமாக ரேசில் முன்னால் போகிறவனை முந்துவதே வேலையாக இருந்தவர், பாவம், முந்தாமல் இருக்கப் படாதபாடு பட்டார். இன்னும் குறைத்தேன். சத்தம் பிசிறியது. ஒரு பட், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் பட்பட். பிளக் கரிக்கட்டையாவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. ஒரு நூறடி இருக்கும், சத்தம் சுத்தமாக அடங்கியது.

ஜெயித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் மெதுவாகப் போய் ரேஸ் ஜெயித்தது நான் ஒருத்திதான். அப்படியே போயிருக்கலாம். கண்ணாடியைப் பார்த்தேன். அவர் கிக்கரை உதைக்கவில்லை. செத்த வண்டியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டு நடுவில் நின்று, நான் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, நான் வகுப்புக்குள் நுழைகிற வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் நிற்பார்.

இடது காலை மிதித்தேன். வண்டி நின்றது. அகலமாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பி அவரிடம் போனேன்.

"மாட்டு மேல சத்தியம் பண்ணுனீங்களே" என்றேன்.

"சும்மா இந்தப் பக்கமா ஒரு வேலையிருந்துச்சு" என்றார். ரோட்டின் இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம்.

பெட்டியைத் திறந்து துணிச்சுருணையை எடுத்து நீட்டினேன். "இந்தாங்க. ஊட்டுக்குப் போற பிளக்கு. ரேஸ் பிளக்கோட எங்கூட வரமுடியாதுங்ண்ணா."

அவர் வாங்கவில்லை. "இது உன்ற ஸ்பேர் அம்மணி. வழில நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவ?"

"நின்னுச்சுன்னா நான் பாத்துக்குவேன்."

அவர் கை நீட்டி வாங்கிக்கொள்ளச் சற்று நேரமானது. அப்புறம் குனிந்து என் பிரேக் கம்பியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "செரி, போ. மணியாகுது" என்றார். முகத்தைத் தூக்கவே இல்லை.

வாழைத் தோட்டத்தைச் சுற்றி ரோடு வளைகிற இடத்தில், பின்னால் அந்த வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. ஆக்சிலேட்டரைத் தளர்த்திக் காது கொடுத்தேன். சத்தம் நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றது. பிறகு திரும்பி, மெயின் ரோட்டுப் பக்கமாகப் போனது. வீட்டுப் பிளக் மாட்டிய வண்டி இப்போது பிசிறு தட்டாமல், மெதுவாகப் போனது. அது கேட்கிற வரைக்கும் கேட்டேன். அப்புறம் என் ஸ்கூட்டர் சத்தம் மட்டும்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டி ரோடு கலங்கியது. ஒரு கையை எடுத்துத் துடைக்க இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் அழுதுகொண்டேதான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.