தூறலில் கார் துடைத்தவர்

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் என் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய பியட் காரைத் தானே கழுவி மெழுகு போட்டுத் தேய்ப்பார். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் மப்ளர்.

மதுரை ஆஸ்பத்திரியில் மனைவியைச் சேர்த்துவிட்டு, துணிமணி எடுக்க வந்தவர் மாட்டிக்கொண்டார். மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. மறுநாள் காலை ஆபரேஷன். அன்று விடிந்ததிலிருந்து தூறலில் நின்று பம்பரைத் துடைப்பார், ஓடிப்போய் ரோட்டைப் பார்ப்பார், மறுபடி பம்பருக்கே வருவார்.

“மழையில எதுக்கு சார் தொடைக்கிறீங்க?” என்றேன்.

“கைக்குச் சோலி இல்லைன்னா மனசு கண்டதையும் நெனைக்குது சார்.”

மத்தியானம் பாதை திறந்தது. அவர் சாவியை என் கையில் திணித்தார். “நீங்க ஓட்டுங்க சார்,” என்றார். வழியெல்லாம், “இன்னும் வெரசா, இன்னும் வெரசா,” என்று விரட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. நர்ஸ் உள்ளே போகச் சொல்லியும் அவர் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நீங்க மொதல்ல பாத்துட்டு வாங்க.”

உள்ளே போனேன். அந்த அம்மா என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்.

“வெளியவே நிக்கிறாராக்கும்?” என்று மெல்லச் சிரித்தார்.

அத்தனை தூரம் விரட்டியவர் அந்த வாசலைத் தாண்டாதது ஏனென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த அம்மாவுக்கு விளங்கியிருந்தது.