சாவி மச்சானும் வைஃபை டப்பாவும்

எனக்கு மச்சான் முறையில் பதினொரு பேர் உண்டு. சாவி மச்சான் என்றால் அதில் ஒருவர்தான். என் அம்மாவின் கடைசித் தம்பிக்கு இரண்டாவது மகன். அந்தத் தம்பி, அதாவது என் கடைசி மாமா, கல்யாணச் சட்டையை இஸ்திரிக் கடையில் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் மறந்துபோனவர். அவருக்கு இப்படி ஒரு பிள்ளை எப்படிப் பிறந்தது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

மச்சானுக்கு பஸ் பணிமனையில் ஸ்டோர் கீப்பர் வேலை. முப்பத்து நான்கு வருஷம். ஒரு நட்டு வேண்டும் என்று வந்தால் பழைய நட்டைக் காட்ட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மெக்கானிக், "பழசு ஓடுற வண்டியிலிருந்து ரோட்டுல விழுந்துருச்சு சார்" என்று சொன்னான். "அப்ப ரோட்டுல போய்த் தேடி எடுத்துட்டு வா" என்று ஜன்னலைச் சாத்திவிட்டார். அவன் போய்த் தேடினான் என்பதுதான் விசேஷம்.

அவரிடம் இரண்டு கொள்கை இருந்தது. ஒன்று, ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பது பொறுப்பாளி ஒருவருக்குத் தெரிந்தால் போதும். இரண்டு, தணிக்கைக்கு ஆள் வருகிற நாளில் எல்லாப் பொருளும் பட்டியலில் எழுதிய இடத்தில் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே கெட்ட பெயர் இல்லாமல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீடு ஸ்டோர் ஆயிற்று. புதுச் சோப்பு வேண்டுமானால் தேய்ந்த சோப்பைக் காட்ட வேண்டும். படுக்கையறையில் ஓர் இரும்பு பீரோ. அதன் சாவி அவர் இடுப்பில். அவர் மனைவி எனக்குத் தங்கச்சி முறை. வாய் மட்டும் எனக்கு அக்கா முறை.

"அண்ணே, கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கே என்னையும் பட்டியல்ல ஏத்திட்டாரு. இன்னும் பூட்டி வைக்கலை, அவ்வளவுதான்" என்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள். பதினான்கு மணி நேர ரயில் தூரத்தில் பெரிய கம்பெனியில் வேலை. தங்கச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, அடுத்த மாதம் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். மச்சானுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. கண்ணில் சொட்டு மருந்து விடச் சொன்னால் கன்னத்தில் விடுவார். அதனால் மகள் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டது. கம்ப்யூட்டரில் நடக்கும் மீட்டிங்கின் நடுவே அவள் காணாமல் போகக் கூடாது.

மாடி அறையில் மேஜை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தத் தெருவில் செல்போன் சிக்னல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றால்தான் கிடைக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் வைஃபைதான் கதி. தெருக் கம்பத்திலிருந்து வரும் ஒயர் கீழே மச்சானின் படுக்கையறை ஜன்னல் வழியாக நுழைகிறது. அங்கே ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை, அதன் மேல் வைஃபை டப்பா. அது அப்பாவின் பொறுப்பு. மகளுக்கு அந்த அறைக்குள் போக வேலையே கிடையாது. முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் எதிர்வீட்டு ஜன்னல் வழியாக யாரோ கை விட்டு டிவிப் பெட்டியின் பக்கத்திலிருந்த கேபிள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். மச்சான் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன் ஜன்னலோர டப்பாவைப் பார்த்தார். நாலு பச்சை விளக்கு, மினுக் மினுக்கென்று.

"தெருவைப் பார்த்துக் கண்ணடிக்குது பாரு. வா வான்னு கூப்பிடுற மாதிரி."

"திருடன் அதை வச்சு என்னங்க பண்ணுவான்?" என்றாள் தங்கச்சி.

"எடுத்துட்டுப் போன அப்புறம் அவன்கிட்டதான் கேக்கணும்."

அன்றே டப்பா பீரோவுக்குள் போயிற்று. பீரோவின் பின்பக்கம் துருப்பிடித்த ஓட்டை ஒன்று இருந்தது. ஒயரையும் கரண்ட் கம்பியையும் அதன் வழியாக விட்டார். புடவைக்கும் பத்திரத்துக்கும் நடுவில் டப்பா உட்கார்ந்து மினுக்கியது. அவர் வீட்டில் இருக்கும்போது பீரோக் கதவு திறந்திருக்கும். வீட்டை விட்டு வெளியே போனால் பூட்டு. மகளிடம் சொல்லவில்லை. முதல் கொள்கைப்படி அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை மச்சான் பீரோவைப் பூட்டிவிட்டுக் காய்கறி வாங்கப் போனார். மாடியில் மகள் ஏழெட்டுப் பேருக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். எல்லா முகமும் அப்படியே உறைந்து நின்றது. ஒருவர் வாய் திறந்தபடி, ஒருவர் கண் பாதி மூடியபடி. பிறகு திரை வெறுமையாயிற்று.

அவள் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். பழைய பாஸ்வேர்டை அழித்துப் புதிதாக அடித்தாள். கோளாறைக் கண்டுபிடிக்கும் வசதி ஒன்று கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதாம். அதை ஓடவிட்டாள். வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றி, 'கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை' என்றது. நெட்டும் வரவில்லை, கோளாறும் இல்லை.

மச்சான் பையுடன் திரும்பி வந்ததும் மாடியிலிருந்து சத்தம் வந்தது.

"அப்பா! நெட் இல்லை! டப்பாவைக் கொஞ்சம் பாருங்க!"

மச்சான் பீரோவைத் திறந்து பார்த்தார். விளக்கு எரிந்தது.

"வந்துருச்சுப்பா! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. போய் நின்னேன். சரியாயிடுச்சு."

முப்பத்து நான்கு வருஷமாக அவர் மனசுக்குள் ஒன்று நம்பிக்கொண்டிருந்தார்: தான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று. பணிமனையில் அதற்குச் சாட்சி கிடைக்கவில்லை; அவர் ஓய்வு பெற்ற மறுநாளும் பஸ் ஓடியது. இப்போது வீட்டிலேயே சாட்சி கிடைத்துவிட்டது. பால் வாங்கப் போனால் நெட் போகும், திரும்பி வந்தால் வரும். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். என்னிடம் போனிலும் சொன்னார்.

"அத்தான், நம்பினா நம்புங்க. நான் வீட்டுல இல்லைன்னா அது வேலை செய்ய மாட்டேங்குது."

பழக்கம் விடாது என்பதால் நீள நோட்டு ஒன்று போட்டு, புகார்ப் புத்தகம் என்று அட்டையில் எழுதி, ஒவ்வொன்றையும் மணியோடு குறித்து வைத்தார். கீழே கையெழுத்து.

வியாழக்கிழமை அவர் தங்கச்சியின் கண் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நல்ல காரியம்தான். போகும்போது பூட்டியும் விட்டார். மகளின் மீட்டிங் இரண்டாவது முறையாக நடுவில் அறுந்தது. அன்று சாயங்காலம் அவளுடைய மேலதிகாரி நயமாகப் பேசினார். "வர்ற திங்கள் பதினொரு மணி மீட்டிங் ரொம்ப முக்கியம்மா. அதுலயும் இப்படி ஆச்சுன்னா நீங்க ஆபீசுக்கே திரும்பி வந்துடுறதுதான் நல்லது." தங்கச்சியின் ஆபரேஷனுக்கு அப்போது பதினெட்டு நாள் இருந்தது.

சனிக்கிழமை நெட் கம்பெனியிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். ஆள் வருகிறான் என்றால் மச்சானுக்கு அது தணிக்கை. காலை எட்டு மணிக்கே டப்பாவை பீரோவிலிருந்து எடுத்து, துடைத்து, ஜன்னலோர மேஜையில் பழைய இடத்தில் வைத்தார். வந்தவர் கீழே பார்த்தார், மாடியில் பார்த்தார், ஒயரை இழுத்துப் பார்த்தார்.

"எல்லாம் பக்காவா இருக்கு சார். மாடி வரைக்கும் சிக்னல் முழுசா வருது. டப்பா இருக்கிற இடமும் நல்ல இடம். மாத்திடாதீங்க."

"நான் எதுக்குங்க மாத்தப் போறேன்" என்றார் மச்சான். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

"அப்ப கம்ப்யூட்டர்லதான் ஏதோ" என்று சொல்லிவிட்டு, புகார்ப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போனார். வண்டி தெருமுனை திரும்பியதும் டப்பா பீரோவுக்குள் திரும்பியது. மகள் தோழியிடமிருந்து வேறு கம்ப்யூட்டர் கடன் வாங்கி வந்து பார்த்தாள். மச்சான் முடி வெட்டப் போன நேரம். அதிலும் நெட் இல்லை. அதற்குமேல் அவளுக்குப் பொறுமை இல்லை. துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"அப்பா, என் பெட்டிச் சாவியைப் பார்த்தீங்களா?"

"இருப்புல இல்லை."

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கச்சி எனக்குப் போன் பண்ணினாள். "அண்ணே, பொண்ணு துணியை மடிச்சு மடிச்சு அடுக்குறா. திங்கள் மீட்டிங் போச்சுன்னா ராத்திரி ரயில்ங்கிறா. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

போனேன். மகள் மாடியில் இருந்தாள். மச்சான் கட்டிலில், தங்கச்சி நாற்காலியில், பீரோ திறந்தபடி. புகார்ப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "அத்தான், நீங்களே படிச்சுப் பாருங்க, நான் சொல்றது பொய்யா?" என்றார். என் படிப்பு விரல் வைத்து ஓடுகிற படிப்பு. தங்கச்சிக்குக் கண் மங்கல் என்பதால் சத்தமாகவே படித்தேன்.

"செவ்வாய். பத்து முப்பத்தைந்து. பூட்டிவிட்டுப் பால் வாங்கப் போனேன். பத்து ஐம்பது, திரும்பினேன். மகள் புகார்: நெட் இல்லை. திறந்து பார்த்தேன். சரியானது. புதன். நாலு பத்து. பூட்டிவிட்டு மாவு மில்லுக்குப் போனேன். நாலு நாற்பது, திரும்பினேன். மகள் புகார். திறந்து பார்த்தேன். சரியானது. வியாழன். பூட்டிவிட்டு..."

"நிறுத்துங்கண்ணே" என்றாள் தங்கச்சி. "அந்தப் பூட்டிவிட்டுங்கிறதை மட்டும் மறுபடி படிங்க."

படித்தேன். பதினேழு இடத்தில் இருந்தது.

"ஏங்க, பூட்டினா போகுது, தொறந்தா வருது. உங்க கையெழுத்துதானே இது?"

"கம்பி உள்ளே போகுதுல்ல? லைட்டு எரியுதுல்ல? கதவு என்ன பண்ணும்?"

"கம்பியில வர்றது உள்ளே போகுதுங்க. காத்துல போறது எப்படி வெளியே வரும்? இத்தனை வருஷத்துல இந்த பீரோவுக்குள்ள போனது எது தானா வெளியே வந்திருக்கு?"

மச்சான் எழுந்து போய் பீரோவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார். மாடியிலிருந்து, "அப்பா! போச்சு!" என்று குரல் வந்தது. திறந்தார். "வந்துருச்சு!" சாத்தினார். "ஐயோ, மறுபடி போச்சுப்பா!" நாலாவது முறை குரல் வரவில்லை, படியில் காலடிச் சத்தம்தான் வந்தது.

மகள் வாசலில் நின்று பீரோவைப் பார்த்தாள். புடவைக்கு நடுவில் பச்சை விளக்கு.

"வைஃபையை பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினீங்களா? இரும்பு பீரோப்பா! ஒரு வாரமா நான் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு மிதிக்காத குறை!"

"திருடன் கொண்டுபோயிருந்தா என்ன பண்ணுவே?"

"கொண்டுபோயிருந்தா புதுசு வாங்கியிருப்பேன். இது இருந்தும் இல்லாம உயிரை வாங்குச்சு!"

"மாமாகிட்ட கேளு" என்றார் என்னைப் பார்த்து. அவர் ஒரு விஷயத்தில் என்னைச் சாட்சிக்கு அழைத்தால் அதில் தோற்றுவிட்டார் என்று பொருள். நான் நோட்டை மூடி வைத்தேன்.

அப்படியும் டப்பாவை வெளியே எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. கதவு திறந்திருக்கட்டும், நான் காவல் இருக்கிறேன் என்பதுதான் உடன்பாடு. நானும் அன்று அங்கேயே தங்கினேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நாற்காலியைப் பீரோவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காப்பியைக் கையில் கொடுத்தோம். வாசலில் தபால்காரர் கூப்பிட்டார். கையெழுத்துப் போடுகிற காரியத்துக்கே மச்சான் எழுந்து போகாததை அன்றுதான் பார்த்தேன். மாடியில் மகளின் குரல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கச்சி படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, வார்த்தை புரியாவிட்டாலும் குரல் அறுபடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு இடத்திலும் அறுபடவில்லை. மகள் நாலு படியாகத் தாவி இறங்கி வந்தாள்.

"இன்னும் ஆறு மாசம் இங்கேயே இருந்து பாக்கச் சொல்லிட்டாங்கம்மா!"

அம்மாவைக் கட்டிக்கொண்டு, அப்பாவிடம் சொல்ல உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். அந்த பீரோவை முழுக்கத் திறந்தபடி நிதானமாக அவள் பார்த்தது அன்றுதான். கதவின் உள்பக்கம் கொக்கி கொக்கியாகச் சாவிகள். ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய அட்டை, அப்பாவின் எழுத்து. மாடி அறை. தண்ணீர்த் தொட்டி. பழைய சைக்கிள், வண்டி இல்லை. கடைசிக் கொக்கியில் சின்னதாக ஒரு சாவி. அட்டையைத் திருப்பிப் படித்தாள்.

'மகள் பெட்டி. வழங்கத் தடை.'

தேதி அந்த வியாழக்கிழமை.

"இருப்புல இல்லைன்னீங்களேப்பா?"

"வழங்கத் தடைன்னா கேக்கிறவங்ககிட்ட இருப்புல இல்லைன்னுதான் சொல்லணும். அது விதி" என்றார் மச்சான், டப்பாவைப் பார்த்தபடி.

"போக விடாம சாவியையும் பூட்டி வச்சீங்க, போக வைக்கிற மாதிரி நெட்டையும் பூட்டி வச்சீங்க. எதுப்பா உங்க கட்சி?"

அவர் பழைய சைக்கிள் சாவியின் அட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மகள் தன் சாவியை எடுத்துக்கொள்ளவில்லை. அதே கொக்கியில் மாட்டினாள். "இருக்கட்டும். ஸ்டோர்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

இப்போது டப்பா ஜன்னலோர மேஜைக்கே வந்துவிட்டது. பழைய சைக்கிளின் பூட்டுச் சங்கிலியால் அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிப் பூட்டியிருக்கிறார். அந்தச் சாவிக்கு இருபது வருஷத்துக்குப் பிறகு வேலை கிடைத்தது. தங்கச்சியின் ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது. சொட்டு மருந்து மகள்தான் விட்டாள்.

கண் தெளிந்ததும் தங்கச்சி முதல் வேலையாகப் புகார்ப் புத்தகத்தைத் தானே எடுத்துப் படித்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தை எனக்கும் காட்டினாள். திங்கள் என்று போட்டு எழுதியிருந்தது:

'ஒன்பது மணிக்குத் திறந்தேன். பன்னிரண்டே முக்கால் வரை பூட்டவில்லை. புகார் இல்லை. வீட்டில் இருப்பு: மூன்று பேர். சரியாக உள்ளது.'

கீழே கையெழுத்து.