என் பெயரில் இருந்த கார்

நாங்குநேரியில் என் கார் ஒருவர்மீது மோதியபோது நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஓட்டியவன் என் தம்பி. கங்கைகொண்டானிலிருந்து கன்னியாகுமரிவரை நண்பர்களோடு பந்தயம். தெரிந்தேதான் சாவி கொடுத்தேன்.

“வண்டி ஒங்க பேர்ல இருக்கும்மா. ஓட்டுனது யாருன்னு சொல்லணும். மறைச்சா ஒங்க மேலயும் கேஸ்தான்,” என்றார் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர்.

“களவு போயிட்டுன்னு சொல்லிருளா. அவன் ஜெயிலுக்குப் போயிருவாம்ளா,” என்று அம்மா கெஞ்சினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“அழாதீங்கக்கா. ஒங்க வீட்லயும் அடிபட்டுட்டா? எங்க வீட்டுக்காரர நாங்குநேரில கார்ல அடிச்சுட்டு நிக்காம போயிட்டானுவ. கால எடுக்கணும்னு சொல்லுதாவ.”

அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, உள்ளே போய்த் தம்பி பெயரைச் சொன்னேன். அம்மா என்னோடு பேசுவதில்லை. சாவி கொடுத்தவள் நான்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.